வீடுன்னு எதப் போட?

அண்ணாச்சி முன்னால் ஒரு முழுப் பழத்தை வைத்துவிட்டு யாரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. மாம்பழமோ கொய்யாவோ, எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். இருக்கிற ஆட்களை ஒரு பார்வை பார்ப்பார். கத்தி கேட்பார். அறுத்து வரிசையாக வைத்து, "எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியதுதான் அவருக்கு.

"வெட்டுதவன் கடைசியிலதான் எடுக்கணும் வே. அப்பத்தான் வெட்டு நேரா விழும்" என்பார்.

தச்சநல்லூரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்தவர். முட்டைகூடச் சேர்க்காத சைவக் குடும்பம். ஆனால் ஊருக்குள் அவர் பெயர் எடுத்தது வியாபாரத்தில் இல்லை, பாகம் பிரிப்பதில். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு என்றால், வக்கீலிடம் போவதற்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போகிற வீட்டில் காப்பி குடிக்க மாட்டார். யார் வீட்டுப் பாலோ, யார் போட்ட சீனியோ, அதுவே ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடுமாம். தண்ணீர் மட்டும் குடிப்பார், அதுவும் தன் பாட்டிலில் கொண்டுபோனது.

எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். நாங்கள் மேலப்பாளையம். வாப்பா மவுத்தானபோது யாருக்கு எவ்வளவு பங்கு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். அதில் சண்டை இல்லை. எந்தச் சுவர் யாருக்கு, எந்தக் கடை யாருக்கு என்பதில்தான் மூத்தவரான காக்காவும் நானும் தம்பியும் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தோம். எங்கள் ஆட்களில் யாரைக் கூப்பிட்டாலும் ஒருவனுக்குச் சம்பந்தி, இன்னொருவனுக்குக் கூட்டாளி. கடைசியில் அண்ணாச்சியைக் கூட்டி வந்தோம். ஒரே நாளில் முடித்தார். ஜங்ஷனில் இருக்கும் டிவி கடை எனக்கு வந்தது அப்படித்தான். இன்றுவரை மூன்று பேரில் ஒருவனுக்கும் அதில் குறை கிடையாது.

எல்லாம் முடிந்து எழுந்தவர், செருப்பை மாட்டும்போது, "உம்மாவை எப்படி வைக்கப் போறீங்க? அதையும் இப்பவே மாசம் வச்சுப் பிரிச்சிருங்க. பின்னால மருமகளுக பேச்சு வரக்கூடாது" என்றார்.

திரைக்குப் பின்னால் இருந்து உம்மாவின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, நான் என்ன அண்டாவா குண்டானா, பங்கு வைக்கதுக்கு? நான் இருக்க எடத்துலதான் இருப்பேன். பாக்கணும்னு நெனக்கவன் இங்கன வந்து பாக்கட்டும்."

அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு நின்றார். சொன்ன தீர்ப்பை ஒருவர் திருப்பிக் கையில் கொடுத்தது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். கோபப்படவில்லை. "அவுக சொல்லுததும் சரிதான். ஆனா எல்லாருக்கும் அந்த வாய் வராது" என்று என்னிடம் பைய சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு அவர் நெருக்கம். கடைக்கு வருவார். ஒரு டீ வாங்கச் சொல்லி இரண்டு கிளாஸில் ஊற்றுவார். ஊற்றிவிட்டு என்னை முதலில் எடுக்கச் சொல்வார். நான் வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக இருப்பதைத் தேடுவேன். கண்டுபிடிக்கவே முடியாது.

ரமலானில் உம்மா அவருக்கென்று நோன்புக் கஞ்சி கொடுத்துவிடும், கறி போடாமல் தனியாக வைத்தது. அதை அவர் தனியாகக் குடிக்க மாட்டார். அவருக்கு மூன்று பையன்கள். மூத்தவர் தச்சநல்லூரிலேயே, நடுவுள்ளவர் பாளையங்கோட்டையில், இளையவர் அம்பாசமுத்திரத்தில். கஞ்சியை மூன்று தூக்கில் பிரித்து மூன்று வீட்டுக்கும் அனுப்புவார். அம்பாசமுத்திரம் போய்ச் சேரும்போது அது புளித்திருக்கும். ஆனாலும் போகும்.

இதையெல்லாம் சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் சம்சாரம் இறக்கும்வரை.

அந்த அம்மா படுக்கையில் கிடந்தபோது உடனிருந்து மலஜலம் எடுத்தது இளைய மருமகள் ஒருத்திதான். அதற்காகவே அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து தங்கியிருந்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணாச்சி சேலைகளை மூன்று கட்டாகக் கட்டி, மேலே வேட்டியைப் போட்டு மூடி, மருமகள்களைக் கூப்பிட்டு ஆளுக்கொன்றைத் தொடச் சொன்னார். மாமியாரின் முகூர்த்தப் பட்டு இளையவள் தொட்ட கட்டில் இல்லை. அது ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டாள். வைத்திருந்த மூத்தவளும் சரி என்றுதான் சொன்னாள். அண்ணாச்சி சம்மதிக்கவில்லை.

"பாத்தவ பாக்காதவன்னு நான் தரம் பிரிச்சா, அப்புறம் அது பங்கு இல்ல, கூலி" என்றார்.

அந்தப் பெண் அழுததை அவரே வந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை. எனக்கு அன்றைக்கு அவரைப் பிடிக்காமல் போனது. நேர்மை ஒரு அளவுக்கு மேல் போனால் அதற்கும் இரக்கமின்மைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

அடுத்து தன்னையே பிரித்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தமிழ் மாசம். மாசப் பிறப்பன்று வீடு மாறுவார். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறக் கூடாது என்பதால் அந்த இரண்டுக்கு மட்டும் முந்தின நாள் பொழுது சாயுமுன்னே மாறிவிட வேண்டும். அந்த இரண்டு மாசமும் பிறந்துவிட்டால் எந்த வாசலிலும் பெட்டியோடு புதிதாகக் காலெடுத்து வைக்கக் கூடாது. பையன்கள் யாரும் கேட்காமலே அவர் போட்ட விதி இது. அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தச்சநல்லூருக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் ஜங்ஷன். அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்கும் இப்படித்தான் வரவேண்டும். மாறுகிற நாளெல்லாம் பையோடு என் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அப்படி ஒருநாள்தான் கேட்டார்.

"பாய், டிவியில சொருகிப் படம் பாக்கதுக்கு ஏதோ வந்திருக்காம்லா? எனக்கு ஒண்ணு பாத்துக் குடும்."

அவர் பார்ப்பது நாடகம். ஒரு கோர்ட்டு நாடகமும் ஒரு கூட்டுக்குடும்ப நாடகமும். நீதிபதி பேசுமுன் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, பிறகு அவர் சொல்வதோடு ஒத்துப் பார்ப்பாராம். வைஃபை மூன்றிலும் உண்டு என்றாலும், ஒரு வீட்டில் டிஷ், ஒரு வீட்டில் கேபிள், ஒரு வீட்டில் இரண்டுமே இல்லை என்று இருந்ததால் கதை மாசத்துக்கு மாசம் அறுந்து போய்க்கொண்டிருந்தது.

நான் வியாபாரி. மூன்று வீட்டுக்கும் மூன்று வாங்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். முடியாது என்றார். மூன்று வாங்கினால் ஒன்று மெதுவாக ஓடும், ஒன்று கெட்டுப்போகும், பேச்சு வரும். சரி, பெட்டி மாதிரி இருப்பதை எடுங்கள், உழைக்கும் என்று காட்டினேன். கையில் வாங்கி அதன் வயர்களையும் அடாப்டரையும் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நீளத்தில் இருந்த ஸ்டிக்கை எடுத்தார்.

"இதைப் பிடுங்கிட்டுப் போயி அடுத்த வீட்டுல சொருகினா, விட்ட எடத்துலருந்து வருமா?"

"வரும் அண்ணாச்சி."

"பாதி வசனத்துல விட்டாலும்?"

"பாதி வசனத்துலருந்தே வரும்."

அந்த மனிதர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஸ்டிக்கைச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார், வெளியே எடுத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார்.

ஆனால் வாங்கவில்லை. மூன்று வீட்டு டிவியிலும் அது சேருமா என்று நான் போய்ப் பார்த்து வரவேண்டும் என்றார். போனேன். மூத்தவர் வீட்டில் அண்ணாச்சிக்கு விட்ட அறையில் இருந்தது பழைய பெரிய டிவி. ஸ்டிக் சொருக ஓட்டையே இல்லை, இடையில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். பாளையங்கோட்டையில் அவர் அறை என்று காட்டியது இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருந்த அறை. கட்டிலுக்கும் டிவிக்கும் ஒரு கை தூரம்தான். அம்பாசமுத்திரத்தில் புது டிவி, நல்ல காற்று. ஜன்னலைத் திறந்தால் வயல். மூன்றையும் பார்த்துவிட்டு வந்து, எல்லாவற்றிலும் ஓட வைக்கலாம், ஆனால் அம்பாசமுத்திரத்தில் படம் பளிச்சென்று இருக்கும், மற்ற இரண்டிலும் கொஞ்சம் மங்கல்தான் என்று உள்ளதைச் சொன்னேன்.

யோசித்தார்.

"அப்ப நல்லாத் தெரியுதத கொஞ்சம் கொறச்சு வையும்."

"என்னது?"

"மூணுலயும் ஒண்ணுபோலத் தெரியணும் வே. அவன் வீட்டுல மட்டும் நல்லாத் தெரிஞ்சா, எனக்கே தெரியாம மனசு அங்கன சாஞ்சிரும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. காசு கொடுத்து வாங்கிய டிவியில் படத்தை மங்க வைக்கச் சொல்லும் மனிதரை இந்தத் தொழிலில் அவர் ஒருவரைத்தான் கண்டேன். வைத்துக் கொடுத்தேன். என்ன செய்ய, அவர் கண், அவர் நாடகம்.

ஸ்டிக்கில் நாடகம் காட்டும் கம்பெனியில் கணக்குத் தொடங்க ஒரு போன் நம்பர் வேண்டும். அவரிடம் இருந்தது பட்டன் போன். மெசேஜ் வந்தாலும் வாசிக்கத் தெரியாது. ஒரு பையன் நம்பரைப் போட்டால் அது அவன் பொருளாகிவிடும் என்று என் நம்பரைப் போடச் சொன்னார். போட்டேன். முதல் இரண்டு மாசம் ஒரு வில்லங்கமும் இல்லை.

மூன்றாவது மாசம், அம்பாசமுத்திரம் போன அன்றைக்கே போன் வந்தது. "பாய், இதுல ஏதோ இங்கிலீசுல கேக்கு. நாடகம் ஓட மாட்டேங்கு." திரையில் இருப்பதை இளையவரை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். விஷயம் இதுதான்: இந்தக் கணக்கை ஒரு வீட்டில்தான் பார்க்கலாம். நீங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் வீடு எது என்று சொல்லுங்கள்.

அடுத்த மாறுகிற நாளில் ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடி கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"வீடுன்னு எதப் போட?" என்றார்.

மூத்தவர் வீட்டைப் போடுங்கள், நீங்கள் கட்டின வீடுதானே என்றேன். கட்டினது நான், இப்போ அது அவன் பாகம் என்றார். பாளையங்கோட்டை? அது பேங்க் கடனில் அவன் வாங்கினது. அம்பாசமுத்திரம்? அதைச் சொன்னால் மற்ற இரண்டு பேரும் என்ன நினைப்பார்கள்? அண்ணாச்சி, இது வெறும் செட்டிங், பிள்ளைகளுக்குத் தெரியக்கூடப் போவதில்லை என்று சத்தம் போட்டேன்.

"எனக்குத் தெரியும்லா" என்றார்.

எத்தனையோ குடும்பங்களுக்கு இது உன் வீடு, அது அவன் வீடு என்று கோடு கிழித்துக் கொடுத்தவர். தன் வீடு எது என்று ஒரு கம்பெனி கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டிக்கை வாங்கி, விற்பனைக்கு வைத்திருந்த டிவி ஒன்றில் சொருகி, கடை வைஃபையைக் கொடுத்து, கடையையே அவர் வீடு என்று போட்டேன். ஒரேயடியாக முடிந்துவிடவில்லை. மாசத்துக்கு ஒருமுறை அந்த 'வீட்டுக்கு' ஸ்டிக்கைக் கொண்டுவந்து சொருகிக் காட்டினால்தான் மற்ற இடங்களில் ஓடும்.

"அதுக்கென்ன, எப்படியும் வாரவன்தான்" என்றார். அதன்பின் மாறுகிற நாளில் வந்ததும் நேரே போய்த் தானே ஸ்டிக்கைச் சொருகுவார். ஸ்டூலை இழுத்துப் போட்டு நாடகத்தில் கொஞ்சம் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் அது டெமோ என்று நினைத்துக்கொள்வார்கள். நான் அந்த டிவியை மட்டும் விற்காமல் வைத்திருந்தேன்.

ஒரு ஆனி மாசக் கடைசி நாள். மறுநாள் ஆடி. மூத்தவர் மத்தியானமே அவரை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பாளையங்கோட்டைக்காரர் சாயங்காலம் வந்து கூட்டிப் போக வேண்டும். வரவில்லை. அண்ணாச்சிக்கு அப்போது காலில் வீக்கம், கட்டுப் போட்டிருந்தார். வெயில் இறங்கியது. நான் பாளையங்கோட்டைக்காரருக்குப் போன் போட்டு, அண்ணாச்சியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வேலையா மதுரை வந்தேன் பாய், மாட்டிக்கிட்டேன். வீட்டுலயும் ஆள் இல்ல, பூட்டிக் கெடக்கு. நாளைக்குத்தான் வருவேன். ஆனா நாளைக்கு ஆடியில்லா? அப்பா விதிப்படி ஆடியில புதுசா வந்து கால் வைக்கப்படாது. அதனால அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும்."

மூத்தவருக்குப் போட்டேன்.

"என் மாசம் முடிஞ்சி பெட்டியோட அனுப்பியாச்சு. போனவுக அதே பெட்டியோட திரும்ப வந்தா அதுவும் புதுசா வந்த மாதிரிதான? இது நான் சொல்லுதது இல்ல பாய், அவுக சொல்லுதது."

இளையவரைக் கூப்பிடக் கை போனது. அண்ணாச்சி தடுத்தார். "அவனுக்கு மொறையே இல்ல. அவனைக் கேக்கப்படாது."

நான் கொதித்தேன். "என்ன அண்ணாச்சி இது, ரெண்டு பேரும் இப்படிப் பேசுதாங்க!"

அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாகம் பிரிக்கப் போகும் வீடுகளில் இரு தரப்பையும் கேட்டபின் அப்படித்தான் உட்காருவார். கண்ணைத் திறந்தபோது தீர்ப்பு வந்தது.

"ரெண்டு பேரு சொல்லுததும் நியாயந்தான் வே."

"நியாயமா? உங்களை நடுரோட்டுல விடுததா நியாயம்?"

"எனக்குன்னு வரும்போது மட்டும் மாத்தினா, அத்தனை வீட்டுலயும் நான் சொன்னதுக்கு என்ன மதிப்பு?"

மேலப்பாளையத்துக்கு வாருங்கள், உம்மா இருக்கிறது, ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வேகமாகத் தலையாட்டினார்.

"உங்க உம்மா மொகத்துல என்னால முழிக்க முடியாது."

ஜங்ஷனிலேயே ஒரு லாட்ஜில், மாடி ஏற வேண்டாத அறையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். ஆடி முடியும்வரை என்றார். பையன்கள் பதறி ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். மூன்று பேரும் வரத்தான் செய்தார்கள், சாப்பாட்டுத் தூக்கோடு. யார் எந்த வேளைக்குக் கொண்டுவருவது என்று அவரே பிரித்துக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வாருங்கள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. சொன்னால் அடுத்தவனை மீறியதாகுமாம். இளையவர் மட்டும் என் கடைக்கு வந்து, "நான் கூப்பிட்டா அப்பா வருவாகளா பாய்?" என்று கேட்டார். போய்க் கேளுங்கள் என்றேன். கேட்டாரா, தெரியாது.

சில நாள் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. "பாய், உமக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லும்." மெசேஜைப் பார்த்து எண்களை வாசித்தேன். ஏதோ வழக்கமாகக் கேட்கிறது என்று நினைத்துக் கடை வேலையில் இருந்துவிட்டேன். மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. கடைதான் வீடு என்று போட்டிருக்கிறதே, இப்போது எதற்கு நம்பர் கேட்கும்?

எழுந்து போனேன். அறைக் கதவு சாத்தாமல் கிடந்தது. காலைக் கட்டில்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். லாட்ஜ் டிவியில் கோர்ட்டு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"எப்படி அண்ணாச்சி ஓடுது?"

"வீடு மாத்தணுமான்னு கேட்டுச்சு. ரூம் பையன்கிட்ட வாசிக்கச் சொன்னேன். ஆமா, இதான் வீடுன்னு போட்டுட்டேன்."

நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

"யோசிச்சுத்தான் வே போட்டேன். இதுல எவனும் கொற சொல்ல முடியாதுல்லா?" என்றார். கணக்குச் சரியாக வந்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

உட்கார அந்த அறையில் நாற்காலி கிடையாது. அவர் வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி, கட்டிலில் எனக்குச் சரிபாதி இடம் விட்டார்.